நாலாம் மாடிக்கு ஒரு உழவு மெசின்

கிளிநொச்சி விழுந்த அடுத்த வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பரந்தனில் இருந்த இராஜநாயகத்தின் நாலு ஏக்கர் வயல் இடம்பெயர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், அவர் வாடகைக்கு இருந்த நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அது தங்கியது. கீழே நின்று பார்த்தால் வழமையான மொட்டைமாடிதான், ஓரத்தில் கொஞ்சம் புல்லு எட்டிப் பார்க்கும். ஏறிப் போனால் நாலு ஏக்கர், ஒரு பரப்பும் குறையாது. வரம்பால் சுற்றி வந்தால் சட்டை நனையும். ஊரே எழும்பி வந்து வெள்ளவத்தையில் குந்தியிருந்த காலம் என்றபடியால் வயல் வந்ததை ஒருவரும் புதினமாக எடுக்கவில்லை. இரண்டாம் மாடி நேசமலர் மட்டும் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட தன்னுடைய பூப்போட்ட படுக்கை விரிப்பைக் காணவில்லை என்று கண்டவரையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தாள். தண்ணீர்த் தாங்கியும்தான் காணாமல் போயிருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது, ஆகவே அதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை.

வெளியூரிலிருந்து எவர் வந்து தங்கினாலும் பொலிசில் பதியவேண்டும். அரசாங்க நெல் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற இராஜநாயகம் சட்டத்துக்குப் பயந்த மனுஷன். வயலையும் பதியப் போனார். சார்ஜன்ட் பேனையைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக்காரரைப் பார்க்க’ என்று எழுதி முத்திரை குத்தினார். அந்தக் காலத்தில் அவ்வளவு சுலபமாக வேறு எவருக்கும் பதிவு கிடைத்ததில்லை.

வயல் வந்ததில் இராஜநாயகத்துக்கு இருந்த சந்தோஷம் மண்ணைப் பற்றியதல்ல. பரந்தனை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு, ஷெல் விழுகிற சத்தத்துக்கு நடுவில், “வீட்டைப் பூட்டின திறப்பை எங்கை வைச்சனீர்?” என்று மனைவி பாலேஸ்வரியிடம் கேட்டார். அவள் மறுமொழி சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே சொல்லவில்லை. வவுனியா முகாமிலும் சொல்லவில்லை, வெள்ளவத்தைக்கு வந்தும் சொல்லவில்லை. வைத்தியர்கள் நாக்கைப் பார்த்தார்கள், தொண்டையைப் பார்த்தார்கள், கோயிலில் ஐயர் நூல் கட்டினார். வயல் வந்த வெள்ளிக்கிழமை அவள் மொட்டைமாடிக்கு ஏறி, சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, “கிழக்கு வரம்பு உடைஞ்சு கிடக்கு. ஒருத்தருக்கும் கண் இல்லையே?” என்று ஏசினாள். இராஜநாயகம் வரம்பிலேயே இருந்து அழுதார். ஆனால் கடைசிப் படி இறங்கியதும் அவளுடைய பேச்சு நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றுகிற மாதிரி பேச்சையும் மாடி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

வயல் நின்றால் அவள் பேசுவாள், போனால் போச்சு. போகும் என்பதற்குச் சாட்சியும் இருந்தது. முந்தின வருஷம் கொட்டாஞ்சேனைக்கு ஒரு வெங்காயத் தோட்டம் வந்திருந்தது. கொத்துவாரில்லாமல் கிடந்து மனம் கசந்து, ஒருநாள் எழும்பிப் போய்விட்டது. இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கார் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நிற்பதாகக் கேள்வி. ஆகவே மழைக்கு முதல் உழுது விதைத்தாக வேண்டும். ஒரு சோடி மாடு கொண்டுவந்து பார்த்தார்கள். அதுகள் இரண்டாம் மாடி வரைக்கும் ஏறி, நேசமலரின் வாசலில் சாணம் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. இனிச் சின்ன உழவு மெசின் ஒன்றுதான் வழி.

இராஜநாயகம் வாழ்க்கையில் மூட்டை எண்ணியிருக்கிறார், நெல்லின் ஈரம் பார்த்திருக்கிறார், மெசின் வாங்கியதில்லை. வெள்ளவத்தையிலோ புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு சில்லு மெசின்தான் சேற்றுக்குத் தோது என்றார் கோயில் மண்டபத்தில் ஒருவர். இரண்டு சில்லுக்குப் பின்னால் நடந்தால் இந்த வயதில் இடுப்பு போய்விடும், நாலு சில்லு எடும் என்றார் மீன் கடையில் இன்னொருவர். ஜப்பானில் ஓடிக் கழித்ததை வாங்கினால் எங்கள் காலத்துக்கும் ஓடும் என்றார்கள்; ஜப்பான்காரன் கழித்ததை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். குதிரைவலு கூடினால் நல்லது, கூடினால் எண்ணெய் குடிக்கும். கேட்கக் கேட்கத் தெளியும் என்பார்கள். இவருக்குக் கேட்கக் கேட்கச் சேறாயிற்று. சோற்றில் குழம்பை ஊற்றாமல் தேத்தண்ணியை ஊற்றிச் சாப்பிட்டார். பாலேஸ்வரி பார்த்தாள், கீழே வீட்டுக்குள் என்றபடியால் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் போனது ஒருகொடவத்தைக்கு. கொள்கலன் முற்றங்களுக்கு நடுவில், கொம்பனித்தெருவில் பிறந்த ருக்கியா என்பவள், புருஷன் விட்டுப்போன மெசின் கடையை அவனிலும் பார்க்கச் சத்தமாக நடத்திக்கொண்டிருந்தாள். மெசின் வேண்டுமென்று இவர் சொல்ல, அவள் விலை சொல்லவில்லை. மண் களியா மணலா என்று கேட்டாள், படிக்கட்டு எவ்வளவு அகலம் என்று கேட்டாள், பழுதானால் யார் திருத்துவது என்று கேட்டாள். இவர் மூன்றையும் விட்டுவிட்டுத் திரும்பவும் விலையைக் கேட்டார். பிறகு தன் கடையிலிருந்த மெசின்களைக் காட்டி ஒவ்வொன்றையும் குறை சொல்லத் தொடங்கினாள். “இது காலையில ஸ்டார்ட் ஆக முரண்டு புடிக்கும். அது நல்லா உழும், ஆனா பெல்ட்டெத் தின்னும். இந்தா, இது பாக்க மாப்பிள மாதிரி ஈக்கிது, சேத்துல எறங்கினா அழும்.” இராஜநாயகம் வெளியே வந்து தலையைச் சொறிந்தார். தன்னுடைய மாம்பழம் புளிக்கும் என்று தானே சொல்லுகிற யாவாரியை எவன் நம்புவான்?

அடுத்ததாகக் கொட்டாஞ்சேனையில் யோகநாதனின் கடைக்குப் போனார். யோகநாதன் கேட்ட முதல் கேள்வி: “அண்ணை எந்த ஊர்?” இவருக்கு உயிர் வந்தது. பரந்தன் என்றார். யோகநாதனின் சின்னம்மாவின் மச்சாள் பூநகரியில் கலியாணம் செய்தவள். இராஜநாயகத்தின் ஒன்றுவிட்ட தமையன் அந்தக் கலியாணத்தில் பந்தி பரிமாறினவர். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பிளேன்ரீ முடிந்தது. அதற்குப் பிறகு மெசினைப் பற்றிக் கேட்பது மரியாதையாக இருக்காது. உதிரிச் சாமான் எங்கே எடுப்பது என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எங்கட ஆளிடம் அதைக் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் காலங்காலமாக இப்படித்தான் பெண்ணெடுத்தார்கள், காணி எடுத்தார்கள், சீட்டுக் கட்டினார்கள்; மெசின் மட்டும் விதிவிலக்கா? நீல நிறத்தில் நாலு சில்லோடு மினுங்கிக்கொண்டு நின்ற சின்ன ட்ரக்டரை யோகநாதன் தட்டிக் கொடுத்து, “இதுக்கு ஒரு குறையும் இல்லை அண்ணை” என்றான்.

பாரந்தூக்கி வைத்து அதை மொட்டைமாடிக்கு ஏற்றியதை ஒழுங்கை முழுக்கப் பார்த்தது. அரை ஏக்கர் நன்றாகத்தான் உழுதது. பிறகு உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. முறிந்தது ஒரு பல்லுச் சில்லு. அப்படி ஒன்று இலங்கைத் தீவிலேயே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இராஜநாயகம் கொட்டாஞ்சேனைக்கு ஓடினார். யோகநாதனின் கடை நின்ற இடத்தில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கடை இருந்தது. பத்து வருஷமாக இதேதான் இருக்கிறது என்று அங்கே இருந்த பெண் சத்தியம் செய்தாள். கண்ணாடிச் சுவரில் கிழித்தெடுத்த ட்ரக்டர் படத்தின் பசை கூடக் காயவில்லை. இவர் திகைத்து நிற்க, அடைப்புக்குள் இருந்த ரெலிபோன் அடித்தது. எடுத்தால் யோகநாதன். “அண்ணை, ரொறொன்ரோவில நல்ல குளிர். குறை நினையாதேங்கோ” என்றுவிட்டு வைத்துவிட்டான்.

வயல் மனம் கசக்கத் தொடங்கியது. மேற்கு மூலையில் கறள் பிடித்த கம்பியோடு சீமெந்து தெரிந்தது. வரம்பு சுற்ற எடுக்கிற நேரம் குறைந்துகொண்டு வந்தது. பாலேஸ்வரியின் பேச்சும் அதற்கேற்ற மாதிரிக் குறுகியது. வசனமாகப் பேசியவள் சொல்லாகப் பேசினாள். ஒருநாள் பின்னேரம் மேலே நின்று வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவள் அவரைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. மானம் மரியாதை எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒருகொடவத்தைக்குப் பஸ் ஏறினார்.

ருக்கியா சிரிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. “நான் என்ட மெசினுக்கெல்லாம் குறை சொன்னேன். அவர் சொன்னாரா?”

“இல்லைத் தங்கச்சி. ஒரு குறையும் இல்லையெண்டவர்.”

“அப்ப குறையெ மறைச்சித் தந்தீக்கிறார். குறை இல்லாத மெசின் அல்லாட துனியாவுல இல்ல ஐயா. குறையெச் சொல்லி, அதுக்குச் சாமானும் கையில வெச்சிருக்கிறவன்தான் யாவாரி.”

அவளே வெள்ளவத்தைக்கு வந்தாள். படிக்கட்டின் அகலத்தைக் கையை விரித்து அளந்தாள். வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, “களி” என்றாள். நீலத்தானை அங்கேயே துண்டுதுண்டாகக் கழற்றிப் படியால் இறக்குவித்து, செத்த மெசினும் ஒரு உதிரிச் சாமான் கடைதான் என்று சொல்லி மாற்றுக்கு எடுத்துக்கொண்டாள். அவள் தந்தது நிறம் போன ஒரு இரண்டு சில்லு மெசின். காலையில் முரண்டு பிடிக்கும் என்று முதன்முதல் போன அன்று சொன்ன அதேதான். அதை இருட்டிலும் எவரும் கழற்றிப் பூட்டலாம். சாமான் புறக்கோட்டையில் இருக்கும், அங்கே இல்லாவிட்டால் அவளுடைய கோழிக்கூட்டில் இருக்கும். படியால் ஏறாத மெசின் உங்களுக்கு மெசினே இல்லை என்றாள். இராஜநாயகத்துக்கு இது ஏன் முதலில் விளங்கவில்லை என்பது கடைசிவரைக்கும் விளங்கவில்லை.

மெசினை ஏற்றி வந்த லொறியைப் பாமன்கடையில் ஆமி மறித்தது. வெள்ளவத்தைத் தமிழனுக்கு ட்ரக்டர் எதற்கு? வடக்குக்கு ஒரு ஆணி கொண்டுபோகவும் தடை இருந்த காலம். “கும்புர கொஹேத?” வயல் எங்கே என்று சிப்பாய் கேட்டான். “உட தட்டுவே” என்றாள் ருக்கியா, மேல் மாடியில் என்று, தேங்காய் விலை சொல்லுகிற மாதிரி. சிப்பாய் அவளைப் பார்த்தான், இரும்புச் சில்லைப் பார்த்தான், துவக்கைத் தோளுக்கு மாற்றிவிட்டுக் குந்தியிருந்து கியர் தடியை ஆட்டிப் பார்த்தான். பொலநறுவையில் அப்பாவிடமும் இதே மெசின்தான், ஸ்டார்ட் பண்ணும்போது திருப்பி உதைக்கும், நெஞ்சைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னான். பிறகு தடையை விலக்கினான். வயல் இருந்தால் உழத்தானே வேணும்.

மெசின் உதைத்தது, முரண்டு பிடித்தது, உழுதது. உழ உழச் சீமெந்து பின்வாங்கி, மேற்கு மூலை திரும்பி வந்தது. ஐப்பசியில் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் மழை பெய்தது. பக்கத்துக் கட்டடத்தில் வடகம் காய்ந்தது. பாலேஸ்வரி குடை பிடித்துக்கொண்டு நின்று, விதைக்கிற கையைப் பிழை பிடித்தாள், தவளையைத் திட்டினாள், பழைய சண்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இராஜநாயகம் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். இப்படி அஞ்சு மாரி, அஞ்சு காலபோகம். ஒவ்வொரு ஆடியிலும் அழைக்காமலே ருக்கியா வந்து பெல்ட்டைப் பார்த்துவிட்டு, ஒரு மரைக்கால் நெல்லோடு போவாள். குண்டு வெடித்தது, ஆட்கள் பிடிபட்டார்கள், விடுபட்டார்கள், விடுபடாமலும் போனார்கள். வீட்டுக்குள் பாலேஸ்வரி ஒரு சொல்லும் பேசவில்லை.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த வருஷம் இராஜநாயகம் தனியாகப் பரந்தனுக்குப் போய்வந்தார். வந்து குசினிக்குள் நின்று, மறுமொழி வராது என்று தெரிந்துகொண்டே, கண்டதைச் சொன்னார். வயல் இருந்த இடத்தில் நாலு ஏக்கர் மொட்டைமாடி கிடக்கிறது. மிதிவெடி பார்க்கிறவர்கள் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, ஒன்றுமில்லை என்று கழற்றிவிட்டார்கள். முன்காணிக்காரர் அதில் நெல் காயப்போடுகிறார், நல்ல தோது என்கிறார். தண்ணீர்த் தாங்கியும் அங்கேதான் நிற்கிறது. நேசமலரின் விரிப்பு கொடியிலேயே கிடந்தது, எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வீடு என்று சொல்ல நாலு சுவர். கூரை இல்லை. கதவும் இல்லை, நிலையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலேஸ்வரி அடுப்பைத் தணித்தாள். விரிப்பை வாங்கி உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள்.

“திறப்பைக் கிணத்துக்கட்டுக்குக் கீழை, செம்பரத்தையடியில வைச்சனான்” என்றாள்.

மேலே தவளை கத்தியது. இரண்டு பேரும் நின்றது கீழே, குசினியில்.

“ஓம்” என்றார். “அடுத்தமுறை போகேக்கை எடுப்பம்.”

நேசமலர் விரிப்பை வாங்கி விரித்துப் பார்த்து, தலையணை உறை ஒன்று குறைகிறது என்றாள். அடுத்தநாள் விடிய இராஜநாயகம் ஒயில் கானோடு மேலே ஏறினார். ஆடி மாதம், ருக்கியா வருவதற்கு முதல் மெசினை ஒருக்கால் துடைத்து வைக்கவேண்டும்.