பெரிய விங் யாருக்கு

காற்று அன்று காலையிலிருந்தே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. அடிக்கிறதே என்று நம்பிக் கடலில் இறங்கினால் நின்றுவிடும். சனியன் தொலையட்டும் என்று கரையேறினால் முதுகில் தட்டிக் கூப்பிடும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. வாரம் முழுக்க ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவன், தன் ஒற்றை உடம்பை ஒரு முழம் மேலே தூக்க முடியாமல் திண்டாடினான்.

விளையாட்டு இவ்வளவுதான்: காற்று நிரப்பிய பாயைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்க வேண்டும். அந்தப் பாய்தான் விங். பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இறக்கை மாதிரி இருக்கும் ஃபாயிலுக்கு வேகம் கிடைத்துவிட்டால், பலகையே தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும். அவனுக்கும் மனைவிக்கும் பலகை ஆளுக்கொன்று இருந்தது; விங் மட்டும் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. காற்று குறைந்த நாளில் பெரியதுதான் கைகொடுக்கும்.

"காத்து செத்துப்போச்சுன்னா சின்னத வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க திரும்பி வர்றது?" என்று மனைவி கேட்டாள். நர்ஸ் அவள், எதையும் ரெண்டு தடவை கேட்காமல் ஊசியைத் தொடமாட்டாள்.

"என் கனத்துக்கு அது தாங்காதும்மா. நான் இருக்கேன்ல?"

சொன்னவன் பெரியதைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். திடீரென்று ஒரு காற்று வந்தது. ஒல்லி உடம்புக்காரி சின்ன விங்கோடு ஜம்மென்று எழும்பிப் போய்விட்டாள். இவன் எழுந்தான், சாய்ந்தான், விழுந்து உப்புத் தண்ணீரைக் குடித்தான். பெண்டாட்டி பறக்கிறாளே என்று சந்தோஷப்பட்டானா? பொறாமையில் வெந்தான், மனுஷன். அதனால் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பியபோது காற்று படுத்துவிட்டிருந்தது. வெகு தூரத்தில், பயணிகள் கப்பல் போகும் தடத்தில், அவள் பலகைமேல் குப்புறக் கிடந்து கையால் துழாவிக்கொண்டிருந்தாள். நீரோட்டம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. எழும்பிப் பறந்தால்தான் அதை எதிர்த்து வர முடியும். சின்ன விங்குக்கு அந்தச் சக்தி ஏது? துறையில் கப்பல் சங்கு ஊதியது.

அவன் பலகைமேல் தாவி ஏறினான். முழங்காலிட்டபடியே விங்கைத் தூக்கிப் பிடித்து, கிடைத்த கொஞ்சக் காற்றில் அவளை நோக்கிப் போனான். நீரோட்டமும் சேர்ந்து தள்ளியது. போவது சுலபம், திரும்புவதுதான் பாடு.

"எதுக்கு வந்தீங்க? இப்ப ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்!" அவள் உதடு வெளுத்திருந்தது.

"திட்டுறத கரையில திட்டு. இந்தா, பெருச பிடி. உன் கனத்துக்கு இந்தக் காத்தே போதும். போயி மீட்புப் படகக் கூட்டிட்டு வா."

"நீங்க?"

"இங்கயே நின்னா ரெண்டு பேரும் போயிடுவோம். கிளம்பும்மா!"

இருவரும் விங்கின் மணிக்கட்டுக் கயிறுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். அவள் ஏறினாள், விழுந்தாள். மறுபடி ஏறினாள், விழுந்தாள்.

"பாழாப்போன காத்தே, கொஞ்சம் அடியேன்!" என்று அவன் வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

லேசாக அடித்தது. அவள் பலகையைக் காலால் அமுக்கி அமுக்கி உந்தினாள். எழும்பினாள். கரையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள். சற்றுமுன் பார்க்கப் பிடிக்காத அதே காட்சியைப் பார்த்து அவன் வாய்விட்டு அழுதான்.

கப்பல் வந்தது. சின்ன விங்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். சங்கு அலறியது. கப்பல் ஒதுங்கியது, கொஞ்சம்தான். அதன் அலை அவனைப் பலகையோடு புரட்டிப் போட்டது.

காலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பலகைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணெல்லாம் உப்பு. ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல், கிழிந்துபோய்.

"இருக்கீங்களா? ஏங்க! இருக்கீங்களா?"

தொண்டையில் தண்ணீர். "இருக்கேன்" என்றான். அவனுக்கே கேட்கவில்லை. இருமித் துப்பிவிட்டு, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினான்.

"இருக்கேம்மா!"