ஒட்டியவற்றை எண்ணுகிறவள்

என் வேலை என்னவென்று சொன்னால் யாருக்கும் புரியாது. அண்ணனுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அதுவே வினையாகப் போயிற்று.

ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்ப்போம். சர்க்கரையைக் கூட்டினால் அவற்றுக்கு அழற்சி வரும். அழற்சி வந்த சுவரில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றை நுண்ணோக்கியில் எண்ணுவது என் வேலை. நாள் முழுக்க எண்ணிவிட்டு வீடு திரும்பினால் மாடிப்படியைக்கூட எண்ணத் தோன்றும்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். எதைப் பார்த்தாலும் பெயர் எழுதி ஒட்டுகிற வியாதி அவனுக்கு. அவன் வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு சீட்டு இருக்கும்: 'மாடி விளக்கு', 'மோட்டார்', 'தொடாதே'. சர்க்கரை வியாதி அதற்கப்புறம் வந்ததுதான். நான் சோதனைக்கூடத்தில் சேர்ந்த அன்றே எனக்கும் ஒரு பெயரை ஒட்டிவிட்டான். வீட்டுக்குள் காலை வைத்தால் போதும், "வந்துட்டாப்பா நம்ம சோதனை!" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம்தான் ஓர் இலையின் சாற்றைச் செல்களுக்கு ஊற்றிப் பார்த்திருந்தோம். "நூத்திப்பத்து ஒட்டின இடத்துல, சாறு ஊத்தினதும் வெறும் இருபதுதாண்ணா ஒட்டுச்சு!" என்றேன். இலையின் பெயரையும் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்போதே அவன் கால் கட்டைவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

"அதுல எனக்குக் கொஞ்சம் கொண்டு வாயேன்."

"ஐயோ, அது சாராயத்துல ஊறவெச்சு எடுத்ததுண்ணா."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!"

அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் சோதனைக்கூடத்து வாசலிலேயே வந்து நின்றான். புண்ணில் சுற்றிய துணி செருப்பை விட்டுப் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன பாட்டில் போதும் என்றான். எனக்கு வந்தது பயம்தான். ஆனால் கோபமாக வெளியே வந்தது. தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது, எலிக்குக் கொடுத்துப் பார்க்கவே வருஷக்கணக்காகும், ஈரலுக்கு என்ன ஆகுமோ தெரியாது என்று நின்ற இடத்திலேயே பாடம் நடத்தினேன்.

"எலிக்குக் குடுப்ப, அண்ணனுக்குக் குடுக்கமாட்ட. அப்படித்தானே?"

"எலி செத்தா எழுதி வெச்சுக்குவோம். நீ செத்தா என்ன பண்றது?"

பிதுங்கிய துணியைக் குனிந்து செருப்புக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"சரி விடு. இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

நொண்டிக்கொண்டே போனான். அத்தனை பேசிய நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதே என்று சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் எத்தனையோ முறை போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை. நானும் வீம்பாக நேரில் போகாமல் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணனுக்கு நெனவே இல்லம்மா. சீக்கிரம் வா."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கணுக்கால் வரை கறுத்துப்போயிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. "வீட்ல என்னென்ன மருந்து சாப்பிட்டாரோ, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க." அண்ணி அவன் கையை விடுவதாக இல்லை. நான்தான் போனேன்.

அலமாரியில் மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி இருந்தன. மூன்று மாதத்து அட்டைகள். ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கடையில் வாங்கிய அந்த இலைப் பொடி, அடியில் இரண்டு ஸ்பூன்தான் மிச்சம். டப்பாவின் மேல் வழக்கம்போல் ஒரு சீட்டு, அவனுடைய குண்டு குண்டான எழுத்தில்: 'தங்கச்சி மருந்து. காலை, மாலை.'

நான் கொடுக்காத மருந்து அது. உறவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவன், தினம் இரண்டு வேளை என்னை நம்பிச் சாப்பிட்டிருக்கிறான். அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரிக்காத அட்டைகளைப் பார்த்துவிட்டு, டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

"இதை நம்பித்தான் மாத்திரையை விட்டாரா? யாரு இந்தத் தங்கச்சி?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

மறுநாள் மத்தியானம், கண்ணைத் திறக்காமலே அண்ணன் போய்விட்டான். அதுவரை அவன் காதருகே குனிந்து, மாத்திரையை விட்டுவிடாதே அண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.