இரண்டு பெல்ட்டும் ஒரு ரசமட்டமும்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதில் ஒன்று பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் ஒரே கடைவாய்ப்பல் இன்றைக்கே விழட்டும். அந்தப் பல்லை நம்பித்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்பதால், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று உங்களுக்கே புரியும். தவிர, பொய் சொல்லத் தெம்பு வேண்டும். எனக்கு எழுபத்தொன்று.

என்னிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் நீள இருக்கை, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் செய்தது. அந்தக் காலத்து வண்டிகளில் சீட் பெல்ட் கிடையாது. எங்காவது இடித்தால் எதைப் பிடித்துக்கொள்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். என் மனைவி நாற்பத்தைந்து வருஷமாக என் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் அந்தத் தோள் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. தையல்காரர் என்னைக் கேட்காமலே இடது கையை ஓர் அங்குலம் நீட்டி வெட்டுவார்.

பள்ளிக்கூட வேன் நின்றுபோனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்பது வயதுப் பேத்தியைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவர ஆள் வேண்டும். பள்ளி ஆறு கிலோமீட்டர். போட்டியில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார். ஓய்வுபெற்ற நில அளவையர். அவரிடம் புதுக் கார் இருந்தது.

என் மகள் ஆஸ்பத்திரியில் விபத்து வார்டு நர்ஸ். இடுப்பில் கை வைத்து என் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"பெல்ட் இல்லாத வண்டில எம்பொண்ண ஏத்த மாட்டேன்ப்பா."

"நீயே இந்த வண்டில வளந்தவதானே?"

"ஆமா. இப்ப வார்டுல தெனம் யார் யாரோ எப்படி எப்படியோ வர்றத நான்தான் பாக்குறேன். நீ பாக்கல."

நான் இருக்கையின் தூசியைத் தட்டினேன்.

"திங்கக்கிழமைக்குள்ள மாட்டு. இல்லன்னா எங்க மாமனார் கூட்டிட்டுப் போவாரு. அவர் கார்ல அஞ்சு பெல்ட் இருக்கு."

"அஞ்சு பெல்ட்ட வச்சு ஒத்தப் புள்ளைய என்ன செய்யப் போறாரு? பார்சல் கட்டப் போறாரா?"

அவள் சிரிக்கவில்லை. நோயாளி வீட்டுக்குப் போகும்வரை நர்சுகள் சிரிக்கமாட்டார்கள்.

எனக்கு இதில் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுப்பாடம், குளியல், தூக்கம். அவள் வாய் திறந்து பேசுவது வண்டியில் மட்டும்தான். காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம் சம்பந்திக்குப் போனால், எனக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை "சாப்பிட்டீங்களா தாத்தா" மட்டும்.

ஆகவே எழுந்தேன். எழுவதற்கே பத்து நிமிஷம் ஆனது.

பெல்ட்டைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தரையைப் பார்க்கலாம் என்று மிதியடியைத் தூக்கினேன். தரை இல்லை. சாலை தெரிந்தது. என் மனைவி கால் வைத்து வந்த பக்கம் முழுவதும் துருவாகி எப்போதோ உதிர்ந்திருந்தது. மிதியடி மட்டும் பழக்கதோஷத்தில் அங்கேயே இருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "அதான் காலுக்கு ஜிலுஜிலுன்னு காத்து வந்துச்சா! நான் ஏசின்னு நெனச்சேன்."

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஏது ஏசி?"

"நீங்க ஏதோ பெருசா செஞ்சிருக்கீங்கன்னு ஒரு தடவை நம்புனேன். அதுக்கு இது."

வெல்டர் வந்தார். இருக்கைக்குப் பின்னால்தான் பெட்ரோல் தொட்டி. அதை இறக்கி வெளியே வைக்காமல் வண்டிக்குள் நெருப்புப் பொறி விடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இறக்கினோம். தொட்டிக்குப் பின்னால் ஒற்றைக் கம்மல் கிடந்தது. இருபது வருஷம் முன்பு என் மனைவி தொலைத்தது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்படவில்லை. அந்தக் கம்மலுக்காக என்மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை முகத்தில் தெரிந்தது. வெல்டர் புதுத் தகடு வைத்துத் தரையை மூடினார். போல்ட் வரும் இடங்களில் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புப் பட்டை கொடுத்தார். தோள் பக்கத் தூணுக்கும் அதே வைத்தியம்.

உதிரிபாகக் கடைக்காரர் பெல்ட்டைக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

"பெல்ட் சுருண்டு கெடக்குற இந்த டப்பா இருக்குல்ல பெரியவரே, இதுக்குள்ள ஒரு சின்ன குண்டு இருக்கு. வண்டி கவிழ்ந்தாலோ இடிச்சாலோ அந்தக் குண்டு நகந்து பெல்ட்டப் பூட்டிரும். அதனால டப்பா நட்டுக்குத்தலா நிக்கணும். சாஞ்சு நின்னா எப்பவும் பூட்டியே கெடக்கும், வெளிய வராது."

ஜன்னலோரம் இரண்டுக்கும் அந்த டப்பா வைத்தது. நடுவில் உட்காருபவருக்கு வெறும் இடுப்புப் பட்டை.

நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும் என்றதும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வரும்: மனைவியின் தம்பி, என் மச்சான். தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது அவன் தொழில். ரசமட்டம் அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் குமிழ் நடுவில் நின்றால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். தன் கல்யாணத்தில் மேடை கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று கீழே இறங்கி நின்றவன். மணப்பெண் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலை வந்து, எங்கள் வீட்டு முன்வாசலில் நின்ற வண்டிக்குள் ஏறினான். ரசமட்டத்தை டப்பாவின்மேல் வைத்தான். ஒரு கண்ணை மூடினான். ஒரு மணி நேரம் மூச்சே விடவில்லை.

"மாமா, முடி அளவுகூட சாய்வு கெடையாது. வேணும்னா கவர்மெண்ட்டக் கூப்ட்டு அளக்கச் சொல்லுங்க."

மகள் வந்து சோதனை போட்டாள். பெல்ட்டை இழுத்தால் பட்டு மாதிரி வந்தது. வெடுக்கென்று இழுத்தால் டக்கென்று பூட்டியது. போல்ட்டைத் தட்டிப் பார்த்தாள், தகட்டை அழுத்திப் பார்த்தாள், என் நாடியையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள், பழக்கத்தில்.

"சரிப்பா. ஆனா ஒண்ணு. பெல்ட் போடாம ஒரு அடிகூட வண்டி நகரக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

திங்கட்கிழமை பேத்தி எங்கள் வாசலுக்கே வந்து ஏறினாள், பெல்ட் போட்டாள், இருபது நிமிஷமும் பேசினாள். தெருவுக்கு வந்ததிலிருந்து பெல்ட் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. குனிய முடியவில்லை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இரண்டு பேரும் போனோம். அவள் இறங்கிக்கொண்டாள். நான் என் பெல்ட்டைக் கழற்றாமலே வீடு திரும்பினேன்.

சாயங்காலம் பள்ளி வாசலில் அவள் ஏறி பெல்ட்டை இழுத்தாள். வரவில்லை.

"தாத்தா, இது வரமாட்டேங்குது."

"மெதுவா இழு."

"மெதுவாத்தான் இழுக்குறேன். பூட்டிக்கிச்சு."

நானும் இழுத்தேன். வாயிற்காவலர் வந்து இழுத்தார். சுவரிலிருந்து ஆணியை இழுப்பது போலிருந்தது. பேத்தி என்னைப் பார்த்தாள். "இல்லாமப் போலாமா?"

வெயில், தாகம், முதுகுவலி. போய்விடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. "சத்தியம் பண்ணிட்டேன்டா கண்ணு," என்றேன்.

விளையாட்டு ஆசிரியர் வந்தார். எந்த இடத்தில் பெல்ட் ஒழுங்காக வந்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். வீட்டில் வண்டி எப்படி நிற்கும் என்றார். மூக்கு கொஞ்சம் கீழே இருக்கும் என்றேன். அவர் விசிலை ஊதினார். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கியது. பெல்ட் பட்டு மாதிரி வந்தது. மாட்டினாள். இறக்கினார்கள். போனோம்.

இது ஒரு நாளோடு முடியவில்லை. நாலு வாரம் நடந்தது. மச்சான் மூன்று தடவை வந்து, முன்வாசலில் வைத்து ரசமட்டம் பிடித்துப் பார்த்து, "குமிழ் நடுவுல நிக்குது மாமா, பள்ளிக்கூடத்துலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனான். தினமும் வண்டி தூக்கியதில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குப் புஜம் பெருத்துச் சீருடை தையல் விட்டது. கயிறிழுப்புப் போட்டியில் எதிரணியோடு சேர்த்து நடுவரையும் இழுத்துவந்துவிட்டார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வயது கூடியது. இந்தக் கணக்கில் மாதக் கடைசியில் எனக்குத் தொண்ணூற்று மூன்று.

அப்புறம் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு சுற்றுலா போய்விட்டது.

பள்ளி காலியாகிவிட்டது. பேத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஜன்னலை யாரோ தட்டினார்கள். சலவைச் சட்டையோடு சம்பந்தி.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். என்ன சம்பந்தி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. பெல்ட்தான்."

மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலை டப்பாவின்மேல் படுக்கவைத்தார். உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தார்.

"மச்சான் இத எங்க வச்சு மட்டம் பாத்தாரு?"

"எங்க வாசல்லதான்."

"உங்க வாசலா? போன தடவ நான் கழட்டி வச்ச செருப்பு தானா தெருவுக்குப் போச்சே, அந்த வாசலா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"சம்பந்தி, மழத்தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு சரிவா கட்டுன வாசல் அது. சரிவுல நின்ன வண்டில டப்பாவ நேரா நிறுத்திட்டீங்க. சமமான ரோட்டுக்கு வந்தா வண்டி நேரா நிக்கும், டப்பா சாஞ்சு நிக்கும். குண்டு பூட்டிக்கும்."

நாற்பது வருஷம் நிலம் அளந்த மனுஷன். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கொட்டாவி வந்தது.

"சரி. உங்க மருமகளுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க. நாளைலேந்து நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவர் போனை எடுக்கவில்லை. என் கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சலவைச் சட்டையோடு இருக்கையில் மல்லாந்து படுத்து, போல்ட்டைத் தளர்த்தி டப்பாவைத் திருப்பினார். தண்ணீர் பாட்டிலை வைத்துச் சரிபார்த்து இறுக்கினார். என் பக்கத்துக்கும் அதையே செய்தார். பேத்தி இழுத்தாள். வந்தது.

"ஏன் சம்பந்தி போன் போடல?"

அவர் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கார் பேசுது, சம்பந்தி. பெல்ட்டப் போடுங்குது. கதவ மூடுங்குது. மெதுவாப் போங்குது. நாப்பது வருஷம் ஆபீசர் கிட்ட வாங்குன பேச்சு போதாதா? அதுல தெனம் நாப்பது நிமிஷமா?" சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினார். "நடுவுல ஒரு எடம் சும்மாதானே கெடக்கு?"

அன்றிலிருந்து மூன்று பேர். பேத்தி ஜன்னலோரம், நடுவில் சம்பந்தி, வலதில் நான். இரண்டாம் கியர் போடும்போதெல்லாம் அவர் முட்டியில் இடிக்கும். அவர் "ம்" என்பார். பேத்தி ஏதோ சொல்லிக்கொண்டே வருவாள்; நாங்கள் இரண்டு பேரும் அரைத்தூக்கத்தில் கேட்போம். இப்போது முன்வாசலில் பெல்ட் வராது என்பதால் தெருவில் வண்டியை நிறுத்திய பிறகுதான் ஏறுகிறோம்.

மனசு கேட்காமல் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ப்பா. ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் இடுப்பு புடிச்சிருச்சுன்னு வார்டுக்கு வந்தான். எப்படின்னு கேட்டா, ஒரு தாத்தா வண்டியத் தெனம் தூக்குறோம் சிஸ்டர்ங்கறான்."

"அப்பவே ஏன் நிறுத்தல?"

"ஊரையே கூட்டித் தூக்க வச்சியே ஒழிய, ஒரு நாள்கூட பெல்ட் இல்லாம நீ அவளக் கூட்டிட்டு வரல. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனாள்.