விழுகிற கை

"உங்க வீட்டுக்காரர் கைதான் மேல போகுதே, அப்புறம் என்னம்மா கேடு?"

"டாக்டர் தூக்கினா போகுது. அவரா தூக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்."

"யார் தூக்கினா என்ன, போகுதுல்ல? எனக்கு அந்த டாக்டரோட வாத்தியாரே வந்து தூக்கினாலும்..."

"போகாத கை சும்மா கிடக்கும். இவருது போயிட்டு விழுதுக்கா. பொத்துன்னு விழுது."

"விழறதுக்குக்கூட முதல்ல மேல போகணும். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்ல."

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு நோய்க்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வார்டு. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் இடம். அதில் நின்றுகொண்டு பெயிண்டரின் மனைவி பேசினாள். எதிர்க்கட்டிலில் சம்மணமிட்டிருந்த தையல்காரி, இடது கையால் வலது முழங்கையை ஏந்திப் பிடித்தபடி பதில் சொன்னாள். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த பெயிண்டர், எந்தப் பக்கம் பேச்சு வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நோயாளியைத் தொட்டுப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆள் பொறுக்கப் பெரிய டாக்டர் காலையில் வருவார். தோளுக்கு ஓர் ஆள் போதுமாம். பரீட்சைக்கு எடுத்த ஆளுக்கு, பரீட்சை முடிந்ததும் முதல் ஆபரேஷன். இதையெல்லாம் வார்டு ஆயா தரை துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்போதே ஆரம்பித்த சண்டை இது.

"சண்டை எதுக்கு? ரெண்டு பேரையும் எடுத்துக்கட்டுமே" என்றார் பெயிண்டர்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க. டாக்டர் வந்து தூக்கச் சொன்னா உள்ளபடி தூக்குங்க. உடம்பைச் சாய்ச்சு, தோளை எக்கி, கையைத் தூக்கிட்ட மாதிரி வித்தை காட்டாதீங்க."

"நான் எங்கடி வித்தை காட்டினேன்?"

"நேத்து அந்தச் சின்ன டாக்டரம்மா வந்தப்ப காட்டினீங்களே. வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுக்கிட்டு, லேசாத்தான் வலிக்குதுன்னீங்க."

"ஒரு சின்னப் பிள்ளை முன்னாடி கை தொப்புன்னு விழுந்தா நல்லாவா இருக்கு?"

தையல்காரி சிரித்துவிட்டாள். "அண்ணனுக்கு மானம் தோள்லதான் இருக்குபோல."

ஏணி சறுக்கியபோது அவர் ஜன்னல் கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்துவிட்டார். ஆள் கீழே விழவில்லை. கை மட்டும் உடம்பு பாரம் முழுவதையும் தாங்கியது. பழைய வேட்டியைக் கிழித்த மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்வார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. கைதான் மார்புக்கு மேல் எழவில்லை.

அதிலிருந்து சுவரில் மார்பு உயரம் வரை அவர் வேலை. அதற்கு மேல் மனைவி ஏணியில் ஏறி அடிப்பாள். அவர் கை மேலிருந்து கீழே இழுத்த கை. அவள் கை பாத்திரம் தேய்த்த கை, வட்டமாகத்தான் சுற்றும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுவர் நெடுக ஒரு பட்டை தெரிந்தது. வீட்டின் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனிக் கூலி உண்டா?" என்று கேட்டார். மேஸ்திரி அவளுடைய தம்பிதான். அவனும் எத்தனை நாள் சமாளிப்பான்? அடுத்து எடுத்திருப்பது கல்யாண மண்டபம், முழுக்கக் கூரை வேலை. "அதுக்குள்ள மாமா கையைச் சரிபண்ணிட்டா பாரு. இல்லேன்னா வேற ஆள்தான்க்கா" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டான்.

பெரிய டாக்டர் வந்தார். முதலில் தையல்காரி. "தூக்குங்க." கை கொஞ்சம் போய் நின்றது. அவரே பிடித்துத் தூக்கினார். கையோடு சேர்ந்து ஆளே கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"தோள் மூட்டு இறுகிக் கிடக்கு. பரீட்சைக்கு இது சரிப்படாது. ஊசி போட்டு, பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புங்க."

தையல்காரியின் முகம் தொங்கிவிட்டது. "இன்னும் கொஞ்சம் வலிக்குதுன்னு சொல்லட்டுமா சார்?" என்றாள்.

டாக்டர் அதற்குள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா. போன பரீட்சைக்கு வந்த பெயிண்டர்தானே?"

"ஆமாங்க சார்" என்றாள் மனைவி முந்திக்கொண்டு. "பரீட்சை முடிஞ்சதும் ஆபரேஷன்னு சொன்னீங்க. அப்புறம் மயக்க டாக்டர் லீவுன்னாங்க, மெஷின் ரிப்பேருன்னாங்க, அப்புறம்..."

"பண்ணிடலாம்மா. கையைத் தூக்குங்கய்யா."

பெயிண்டர் தூக்கினார். மனைவி சொன்னபடி நேராகத்தான் ஆரம்பித்தார். ஆனால் டாக்டருக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிந்தது, தோள் காதைத் தொட்டது, கை தலை உயரத்துக்கு வந்துவிட்டது.

டாக்டரின் புருவம் ஏறியது. "தேறிட்டீங்களே."

"தேறலைங்க சார், திருட்டுத்தனம். ஏங்க, நிமிருங்க."

டாக்டர் ஒரு கையால் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இப்பத் தூக்குங்க." கை மார்போடு நின்றது. பின் அவரே அதைத் தலைக்கு மேல் கொண்டுபோனார், தடையில்லாமல் போனது. "நான் விட்டுடுவேன். மெதுவா, மெதுவா இறக்குங்க." பாதி வரை நடுங்கிக்கொண்டு வந்த கை, அங்கிருந்து அறுத்துவிட்டது போலத் தொடையில் விழுந்தது.

"அழகு" என்றார் டாக்டர். "பார்த்தீங்களா, நாம தூக்கினா போகுது, அவரால நிறுத்த முடியலை. கிழிசல்னா இப்படித்தான் இருக்கணும்."

சுவர் வேலையைக்கூட யாரும் அவரை இப்படிப் பாராட்டியதில்லை. பெயிண்டர் கூச்சத்தோடு கொஞ்சம் சிரித்தார்.

ஊசி போட்டுக்கொண்டு தையல்காரி பையைக் கட்டினாள். சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றி இறக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெயிண்டரின் மனைவிக்குப் பாவமாகிவிட்டது. கையிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தாள்.

"மனசு விட்டுடாதீங்கக்கா. அடுத்த தடவை உங்களை எடுப்பாங்க."

"உனக்கு அதிர்ஷ்டம்மா. கட்டினவர் கை விழுது" என்றாள் தையல்காரி பெருமூச்சோடு. வாசல்வரை போனவள் திரும்பி, "கொஞ்சம் லேசான மாதிரிதான் இருக்கு" என்றாள். வலது கையாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மத்தியானம் பரீட்சை அறையில் பெயிண்டரை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து, பின் விட்டான். ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி கை உள்ளே திரும்பிக்கொண்டது. ஒருவன் புறங்கையை முதுகில் வைத்துத் தள்ளச் சொன்னான். ஒருவன் கையை முன்னால் நீட்டி, டப்பாவைக் கவிழ்க்கிற மாதிரி கட்டைவிரலைக் கீழே திருப்பச் சொன்னான்.

"நிறைஞ்ச டப்பாவா, காலி டப்பாவா தம்பி?" என்று கேட்டார் பெயிண்டர்.

"என்னங்க?"

"நிறைஞ்சதைக் கவிழ்க்கக் கை வராது. பழக்கம் அப்படி."

அவன் மேலிருந்து அழுத்தினான். கை கீழே போனது. பெயிண்டர் பல்லைக் கடித்தார். அடுத்தவன் வந்து மறுபடியும் தூக்கி மறுபடியும் விட்டான். ஒவ்வொரு முறை கை விழும்போதும் மனைவியின் கையில் சட்டை கசங்கியது. ஆனாலும் நன்றாக விழுந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"எனக்கு வலிக்கும்னு பயப்படுறியாம்மா? வலிக்கத்தான் செய்யும். நீ பாட்டுக்குப் பாரு" என்றார் பெயிண்டர்.

அவள் பார்த்தாள். இரண்டு தோள்களையும் ஒப்பிட்டு, எலும்புக்கு மேல் குழி விழுந்திருப்பதைத் தடவிக் காட்டி, எந்த நார் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னாள். பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வந்த டாக்டர் தலையாட்டினார்.

"சரி. இப்ப இதை அவர்கிட்ட, அவருக்குப் புரியற மாதிரி சொல்லு. அதுக்கும் மார்க் உண்டு."

அந்தப் பெண் பெயிண்டர் பக்கம் குனிந்தாள். "ஐயா, உங்க தோள்ல கையைத் தூக்குற நார் கிழிஞ்சிருக்கு. எலும்புல இழுத்து வெச்சுத் தைக்கணும். ஆனா சீக்கிரம் தைக்கணும். நாள் தள்ளிப்போச்சுன்னா நார் உள்ள சுருங்கிடும், தசை கரைஞ்சு கொழுப்பாயிடும். அப்புறம் தைச்சாலும் நிக்காது. அதனால நீங்க தள்ளிப்போடவே கூடாது. புரிஞ்சுதாங்கய்யா?"

"புரிஞ்சுதும்மா" என்றார் பெயிண்டர்.

"ரொம்பத் தெளிவு" என்றார் வெளியூர் டாக்டர், மார்க் போட்டுக்கொண்டே. "கேஸும் அருமையான கேஸ். எங்க பிடிச்சீங்க?"

பெரிய டாக்டர் சிரித்தார். பக்கத்திலிருந்த சின்ன டாக்டரம்மாவிடம், "இவரு போன் நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. அடுத்த பரீட்சைக்கும் சொல்லிவிடலாம்" என்றார்.

மனைவி சுவரை விட்டு முன்னால் வந்தாள். சட்டையின் வலது கையைப் பெயிண்டரின் விழுந்த கையில் முதலில் மாட்டி, தோள்வரை ஏற்றிவிட்டு, நிமிர்ந்தாள்.

"சார், போன தடவையும் ஒரு பிள்ளை இதே மாதிரிதான், தள்ளிப்போடவே கூடாதுன்னு எங்களுக்கு நல்லா புரியற மாதிரி சொல்லிச்சு. அந்தப் பிள்ளை இப்ப டாக்டர் ஆயிடுச்சாங்க?"