பெரியத்தானை எடுத்த நேரம்

“சித்தி, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

சனிக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து கதிர் அழைத்தபோது, வித்தியா புலம்பெயர்ந்து வந்த பக்குரங்கா வீட்டில் தன் சிவப்புப் பாவாடைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் கணவர் மகேசன் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கதிர் அவருடைய அண்ணனின் இளைய மகன்.

“ஐயோ, பெரியத்தானோ! எப்ப தம்பி?”

“ராத்திரி, நித்திரையிலயே. சித்தப்பாவுக்கு நேர எடுக்கப் பயமாக் கிடக்கு சித்தி. அவற்ர நெஞ்சும் அப்பிடி. நீங்கள் பக்குவமாச் சொல்லுங்கோ. சொல்லீட்டன் எண்டு நீங்கள் சொன்னாப் பிறகுதான் நாங்கள் அவரோட கதைப்பம்.”

அதுதான் குடும்ப வழக்கம். நெஞ்சு வருத்தக்காரனிடம் சாவுச் செய்தி நேரே போகாது. பெண்சாதியைச் சுற்றித்தான் போகும். போன வருடம் மகேசனின் இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து கனடா, லண்டன், ஊர் என்று எந்தத் துக்கமும் முதலில் வித்தியாவின் போனில்தான் வந்து இறங்கும்.

“பிரேதம் எப்ப எடுக்கிறியள்?”

“திங்கள் காலமை. அண்ணா கனடாவில இருந்து வெளிக்கிட்டிட்டார்.”

திங்கள் என்றதும் அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. நாளை ஞாயிறு. நகரத்தின் மறுகரையில், ஆல்பனியில், பல்கலைக்கழகத்தின் கியூப இசை, நடன விழா. வெளியாட்களும் சேரலாம் என்று ஆட்டம் பழக்கும் ஸ்வர்ணா சொன்னதிலிருந்து, பாட்டனி டவுன்ஸ் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற காலோடு, ஒன்பது மாதமாகப் புதன்கிழமை தவறாமல் பாலம் கடந்து போய்ப் பழகிய ஆட்டம். எட்டுச் சோடிகள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் ஸ்பானிய மொழியில் கூவக் கூவச் சோடி மாற வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவள் கால் அவள் சொன்னதைக் கேட்டது அந்த வட்டத்துக்குள் மட்டும்தான்.

கூடப் பிறந்தவரின் சாவென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலே மிதிக்கக் கூடாது, இதில் ஆட்டமாம் பாட்டமாம்.

ஞாயிறு இரவு சொன்னால் என்ன? திங்கள்தானே எடுக்கிறார்கள். நேரலையில் அண்ணன் முகத்தை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். நாலு வயதில் தாயை இழந்த தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். அந்த முகத்தைப் பார்க்காமல் மகேசன் தாங்க மாட்டார்.

புல் ஒட்டிய காலோடு மகேசன் உள்ளே வந்தார். “என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“தலையிடி.”

“நாளைக்கு ஆட வேணும், ஒரு பனடோலைப் போட்டிட்டுப் படு. மிச்சத்தை நான் அயர்ன் பண்ணிவிடுறன்.”

அவர் பண்ணியும் விட்டார், மடிப்புக் கலையாமல்.

ஞாயிறு மூன்று மணிக்கு வளாக மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கொங்கா மேளங்களைத் தட்டிச் சுருதி பார்த்தார்கள். முன்வரிசையில் மகேசன் பொங்கலுக்கு வாங்கிய நீலச் சேர்ட்டில், பக்கத்திலிருந்த சீனத்துப் பையனிடம் “மை வைஃப், மை வைஃப்” என்று மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால் வித்தியா போனைத் திறந்தாள். கதிரின் செய்தி.

“சித்தி, அண்ணா வழியில பிளைட்டைத் தவறவிட்டிட்டார். இனி வந்து சேரார். இண்டைக்கே எடுக்கிறம், பத்து மணிக்கு. லிங்க் கீழ இருக்கு. சித்தப்பாவுக்குச் சொல்லீட்டியளோ?”

அவள் மணியைப் பார்த்தாள். இங்கே மணி மூன்றேகால். ஊரில் பத்து மணி என்றால் ஏழரையைக் கூட்ட வேண்டும். ஐந்தரை. இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது.

“என்ன அக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” ஸ்வர்ணா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. வட்டத்தில் கூவுவதும் அவள்தான், பழக்கியதும் அவள்தான்.

வித்தியா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அய்யய்யோ! நேத்தே தெரியுமா?” ஸ்வர்ணா வாயில் கை வைத்தாள். “கிளம்புங்கக்கா. இப்பவே போய் அவர்ட்ட சொல்லுங்க.”

“வட்டம் உடைஞ்சிடுமே.”

“ஏழு ஜோடி ஆடுனா யாரு எண்ணப்போறா? உங்க பார்ட்னரை நான் கொங்கா அடிக்க அனுப்பிடறேன். வட்டம் கெடக்குதுக்கா. போங்க.”

அதோடு அவளுக்குச் சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

“அஞ்சரைக்குத்தானே எடுக்கினம். ஆடிப்போட்டுச் சொல்லுறன், ஸ்வர்ணா.”

ஸ்வர்ணா அவளை ஒரு கணம் பார்த்தாள். “உங்க இஷ்டம்,” என்றாள். அதற்குப் பிறகு அக்கா என்று சொல்லவில்லை.

நிகழ்ச்சி பிந்தி, நாலு மணிக்குத்தான் மேடை கிடைத்தது. வித்தியா ஆடினாள். அவள் ஒருநாளும் அப்படி ஆடியதில்லை. கை மாறிக் கை மாறி எட்டுப் பேரிடமும் சுழன்று திரும்பியபோது மண்டபம் எழுந்து நின்று தட்டியது. எல்லோருக்கும் மேலாக மகேசனின் விசில். கலியாண வீட்டில்கூட விசிலடிக்காத மனிதன்!

பிறகு பார்க்க வந்தவர்களையும் ஆடக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி மகேசனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வெட்கப்பட்டு, இரண்டடி வைத்து, அவள் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வைத்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு மாடிப்படிக்கே பயந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்போது சொல்ல வேண்டும், இந்தப் பாட்டு முடியட்டும் என்று வித்தியா சுவரோடு நின்றாள். பாட்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது.

ஐந்து மணிக்குக் கார் நிற்குமிடத்தில் வைத்துச் சொன்னாள்.

“இஞ்சருங்கோ. பெரியத்தான்… போட்டாராம். கதிர் மெசேஜ் போட்டிருக்கிறான். இப்பதான் பாத்தன்.”

மகேசன் காரின் கூரையில் கையை ஊன்றினார். பிறகு, “எப்ப எடுக்கினமாம்?” என்றார்.

“ஊர் நேரம் பத்துக்கு. லிங்கை உங்கட போனுக்கு அனுப்பிட்டன், பாருங்கோ.”

அவர் தன் போனை எடுத்து அழுத்தினார். முற்றத்துப் பந்தல் வந்தது. பெட்டியைக் காணவில்லை. ஒரு பெண் தண்ணீர் ஊற்றி நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருவர் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கொண்டுபோட்டினம்,” என்றார் மகேசன்.

“இல்லையே… அஞ்சரைக்கெல்லோ?”

“போன ஞாயிறு குளிர்காலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினதெல்லே? இப்ப ஆறரைதான் வித்தியாசம். பத்தெண்டால் இஞ்ச நாலரை.” அவர் கண்ணைத் துடைத்தார். “சரி, விடு. நீ என்ன செய்வாய்? மேடையில நிண்டனீ. நான்தான் அங்க கூத்தாடிக்கொண்டு நிண்டிட்டன்.”

“ஐயோ, நான் ஏழரையைக் கூட்டியெல்லோ கணக்குப் பாத்தனான்!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மகேசன் மெல்லத் திரும்பினார்.

“எப்ப பாத்தனீ கணக்கு?”

“ஆட முதல்.”

“மெசேஜ் அப்பவே வந்திட்டுதோ?”

“ஓம்.” இனி நிறுத்த முடியவில்லை. “நேற்றே கோல் வந்தது. நீங்கள் புல்லு வெட்டேக்குள்ள.”

“நேற்றோ?” அவர் குரல் உயரவேயில்லை. “ராத்திரி சாப்பிடேக்குள்ள, அண்ணையோட ஒருக்காக் கதைப்பமோ எண்டு கேட்டனான். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு படுத்திருப்பார் எண்டு சொன்னனீ.”

“ஓம்.”

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கதிர். வித்தியா எடுக்கவில்லை. மகேசன் அதை வாங்கி, “தம்பி,” என்றார்.

“சித்தப்பா!” மறுமுனையில் அழுகை. “உங்களுக்காக அப்பான்ர முகத்துக்குக் கிட்டக் கமராவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். உங்கட பேர் லைன்ல வரேல்லை. ஐயர் அவசரப்படுத்தினார், எண்டாலும் இன்னும் பத்து நிமிசம் எண்டு வைச்சிருந்தனாங்கள். சித்தி சொல்லேல்லையோ?”

மகேசன் வித்தியாவைப் பார்க்காமல் சொன்னார். “சித்தி நேற்றே சொன்னவ, ராசா. எனக்குத்தான் பாக்கத் தைரியம் வரேல்லை. என்னில கோவியாதை.”

போனை அவள் கையில் வைத்தார்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வேற என்னத்தைச் சொல்ல? என்ர பெண்சாதிக்கு ஆட்டம் இருந்தது எண்டோ?” கார்க் கதவைத் திறந்து ஏறினார். “வா, வீட்ட போய்த் தலை தோய வேணும்.”

அவர் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தார். தூக்கி வளர்த்த அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத் துணியாத தம்பி. நாளைக்கு ஊரும் கனடாவும் அப்படித்தான் கதைக்கும். அவளை நல்ல மனுசி என்பார்கள்.

வித்தியா காரில் ஏறவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கதிரின் இலக்கத்தை அழுத்தினாள்.

“சொல்லுங்கோ சித்தி.”

“தம்பி, சித்தப்பா உனக்குச் சொன்னது பொய்.”

“என்ன சித்தி?”

“எல்லாரும் பக்கத்தில நிக்கினமோ?”

“ஓம், சுடலையடியில எல்லாரும் நிக்கிறம். பெரிய மாமாவும் நிக்கிறார். ஏன்?”

“ஸ்பீக்கரில போடு,” என்றாள். “ஒருக்காத்தான் சொல்லுவன்.”