ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்ப, கைக்கெனப் புதிதாக வந்த கணினித் தகுதிச் சோதனைக்குப் போனான். மொத்தம் பத்துக் கட்டம். ஒரு கட்டத்தில் தேறினால் 0.1 மதிப்பெண். கூட்டி 1 வந்தால் வேலை. வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஃபெயில் ஆயிட்டேன்டி."

அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தேவை 1.00. பெற்றது 1.00. முடிவு: தகுதியில்லை.

"இது என்னடா கூத்து? ரெண்டும் ஒண்ணுதானே!"

"மெஷினுக்கு என்மேல என்ன பகை? கையில ஏதோ நடுக்கம் இருந்திருக்கும். எனக்குத் தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மென்பொருளை எழுதியதே எங்கள் அலுவலகம்தான்.

மறுநாள் நிரலைத் திறந்தேன். மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதி நாம் எங்கேயோ நிறுத்திவிடுகிறோம் இல்லையா, கணினிக்கு 0.1 அப்படி. முழுசாக வைத்துக்கொள்ளத் தெரியாது. பத்து முறை கூட்டினால் 0.9999999999999999தான் வரும். திரையில் இந்த ஒன்பதுகளைப் பார்த்து முன்பே யாரோ புகார் செய்திருக்கிறார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர், திரையில் தெரிவதை மட்டும் 1.00 ஆக்கிவிட்டு, ஒன்றோடு ஒப்பிடும் வரியைத் தொடாமல் விட்டிருந்தார்.

"பாக்க அசிங்கமா இருக்குன்னாங்க. சரி பண்ணிட்டேனே," என்றார்.

"ரொம்ப அழகாப் பூசி மெழுகியிருக்கீங்க சார்," என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை.

தசமத்தையே தூக்கிவிட்டு, கட்டங்களை முழு எண்ணாக எண்ண வைத்தேன். பழைய முடிவுகளை மறுபடி ஓட்டினோம். அண்ணனுக்குத் 'தகுதி' என்று வந்தது. துறைமுகத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னார்கள்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன். "பத்துக்குப் பத்துடா! உன் கைக்கு ஒண்ணுமே இல்ல!"

அண்ணி அழுதுவிட்டாள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

தூக்கம் கலைந்து வந்த அவன் மகள், தூக்கச் சொல்லி அவனிடம் இரு கைகளையும் நீட்டினாள். அவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

"அத்தைகிட்ட போ கண்ணு."

"அந்த ரிசல்ட் வந்ததுலேர்ந்து புள்ளையத் தூக்கவே மாட்டேங்கறாரு," என்றாள் அண்ணி.

"அது தப்புன்னுதான் சொல்றேனேடா!" என்று கத்தினேன்.

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரலைன்னு சொல்லிடுடி. நான் மேல தூக்கும்போது, கீழ ஆளுங்க நிப்பாங்க."