மேல்தாடை நின்றுபோன இடம்

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அப்படியும் பல் டாக்டர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்ததற்கு அன்று நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மகள். பதினான்கு வயது. பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். இப்போது வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. இது எப்படி ஆயிற்று என்று இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

உள்ளே டாக்டரம்மா அவளுடைய தாடைகளின் பிளாஸ்டர் அச்சுகளை வயது வாரியாக மேசையில் அடுக்கினார். கீழ்த்தாடை வருடா வருடம் வளர்ந்திருந்தது. மேல்தாடை பாதியிலேயே நின்றுவிட்டது.

"கைக்குழந்தையா இருக்கும்போதே ஈறு இடைவெளியில விலா எலும்புத் துண்டு வெச்சிருக்காங்க. அது நல்லாத்தான் ஒட்டிக்கிச்சு. ஆனா மேல்தாடைய முன்னாடி வளர விடாம பிடிச்சுக்கிச்சு. அதனாலதான் நாங்க எட்டு, ஒன்பது வயசு வரைக்கும் பொறுத்து வெக்கிறோம்."

"யாரு அவ்ளோ சீக்கிரம் வெக்கச் சொன்னது?" மகள் கேட்டே விட்டாள்.

"அந்த டாக்டருக்கு என்ன அவசரமோ, புண்ணியவான்!" என்றார் என் கணவர். பதின்மூன்று வருடமாக இதே பாட்டு. அப்போது அவருக்குக் கப்பலில் வேலை. டாக்டர்தான் அவசரப்படுத்தினார் என்று நான் சொன்னதுதான் அவருக்குத் தெரியும்.

முதலில் பார்த்த டாக்டர், அவசரமே இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னார். என் நாத்தனார் தொட்டிலை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டியதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த மாதமே வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இத்தனைக்கும் நான் பள்ளிச் சீருடை தைப்பவள். வளரும் பிள்ளையாயிற்றே என்று மடிப்பில் துணி விடாமல் ஒரு பாவாடை தைத்ததில்லை. சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"அவர் இல்லடி. நான்தான் வெக்கச் சொன்னேன். வேணாம்னவர விட்டுட்டு வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனதும் நான்தான்."

கணவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் நெஞ்சு மரத்துக் கிடந்தது.

மகள் என்னைப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சின்ன அச்சை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"சரி பண்ண முடியுமா டாக்டர்?"

"முடியும்மா. மேல்தாடைய அறுத்து முன்னாடி நகர்த்தணும். ஆனா வளர்த்தி முழுசா நின்னப்புறம்தான். பதினெட்டு ஆகட்டும்."

"பதினெட்டு ஆயிட்டா அம்மா கையெழுத்து வேணுமா?"

"வேணாம். உன் கையெழுத்தே போதும்."

"அப்ப நான் காத்திருக்கேன்" என்றாள்.